13 கேம், 700 மணி நேரம்: டிரெயில்ஸ் தொடரைப் பயமில்லாமல் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

"டிரெயில்ஸ் நன்றாக இருக்கும் என்கிறார்களே, எதிலிருந்து தொடங்குவது?" என்று இந்த ஜப்பானிய வீடியோ கேம் தொடரைப் பற்றிக் கேட்கிறவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: முதலிலிருந்து, வரிசையாக. சரி என்று உட்கார்ந்து எண்ணினால் 13 கேம்கள். கதையை மட்டும் முடிக்கவே ஒவ்வொன்றுக்கும் சுமார் 35 மணி நேரத்திலிருந்து 75 மணி நேரம் வரை ஆகும். கூட்டினால் 700 மணி நேரத்தைத் தொடுகிறது. வேலைக்குப் போய்வந்து வாரத்தில் ஐந்து மணி நேரம் ஒதுக்க முடிகிறவருக்கு அது இரண்டு ஆண்டு எட்டு மாதம். எல்லாவற்றையும் முழு விலையில் வாங்கினால் 500 டாலருக்கு மேல் போகும்.

இந்தக் கணக்கைக் கேட்டதுமே விலகிப் போனவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். கணக்கில் தவறில்லை, ஆனால் அதை யாரும் மொத்தமாகச் செலவழிப்பதில்லை. வாரப் பத்திரிகையில் மூன்று வருஷம் ஓடிய தொடர்கதையைப் படித்தவர்கள் "மொத்தம் எத்தனை பக்கம்?" என்று முதல் வாரமே கேட்கவில்லை. இந்தத் தொடரையும் அப்படித்தான் அணுக வேண்டும். அதற்குச் சில நடைமுறை வழிகள் இருக்கின்றன. இந்தத் தொடரில் நுழைந்து, கதை இப்போது நடக்கும் கால்வார்ட் என்ற நாடு வரை வந்து சேர எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. அந்த அனுபவத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

முதல் படி: இது எந்த வகைத் தொடர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீளமான ஆர்பிஜி (கதாபாத்திரங்களாக இருந்து கதையை நடத்திச் செல்லும் கேம்) தொடர் எல்லாமே ஒரே மாதிரி கிடையாது. ஃபைனல் ஃபேன்டசியில் 16 வரை எண் இருந்தாலும், எண்ணிட்ட ஒவ்வொரு பாகமும் தனி உலகம், தனிக் கதை. 10-ஐ விளையாட 9 தெரிந்திருக்க வேண்டியதில்லை. டிராகன் குவெஸ்ட்டும் பெரும்பாலும் இப்படித்தான். 11-ஆம் பாகத்தை யாரும் நேராகத் தொடங்கலாம். இந்த வகைத் தொடர்களில் எண்ணைப் பார்த்துப் பயப்படக் காரணமே இல்லை.

டிரெயில்ஸ் அப்படியில்லை. நிஹான் ஃபால்காம் என்ற ஜப்பானிய நிறுவனம் 2004-ல் தொடங்கிய இந்தத் தொடர் செமூரியா என்ற ஒரே கண்டத்தில், ஒரே காலவரிசையில், ஒரே பெரிய கதையாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் பாகத்தில் சந்தையில் பேசிய ஒருவர் பத்தாண்டுக்குப் பிறகு வெளிவந்த பாகத்தில் வேறு நாட்டில் தென்படுவார். ஆகவே "எங்கிருந்தும் தொடங்கலாம்" என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மைதான்.

இரண்டாம் படி: நாடுகளாகப் பிரித்துப் பாருங்கள், இரட்டைகளாக எண்ணுங்கள்

என் கருத்தில் இந்த வழிகாட்டியின் முக்கியமான பகுதி இதுதான். 13 என்ற எண்ணை மறந்துவிட்டு வரைபடத்தைப் பாருங்கள்.

முதல் நாடு லிபெர்ல். சிறிய, அழகான முடியாட்சி. எஸ்டெல் பிரைட் என்ற பதினாறு வயதுப் பெண்ணும் அவளுடன் வளர்ந்த ஜோஷுவாவும் பிரேசர்களாக, அதாவது மக்களுக்கு உதவும் சங்கத்தின் ஊழியர்களாக, நாட்டைச் சுற்றிவரும் கதை. டிரெயில்ஸ் இன் தி ஸ்கை என்ற பெயரில் மூன்று கேம்கள்.

இரண்டாவது கிராஸ்பெல். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நகர அரசு. லாய்ட் பானிங்ஸ் என்ற இளம் போலீஸ்காரரும் அவருடைய சிறிய குழுவும் நாயகர்கள். ஃப்ரம் ஸீரோ, டு அஷ்யூர் என்று இரண்டு கேம்கள்.

மூன்றாவது எரெபோனியா. அந்த இரண்டு வல்லரசுகளில் ஒன்றான பேரரசு. இராணுவக் கல்லூரி மாணவன் ரீன் ஷ்வார்சரின் கதை கோல்ட் ஸ்டீல் என்ற பெயரில் நான்கு கேம்களாக வருகிறது. அதன் பின் ரெவரி என்ற ஒரு பாகம் கிராஸ்பெல்லையும் எரெபோனியாவையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறது.

நான்காவது கால்வார்ட். மற்ற வல்லரசான குடியரசு. வான் ஆர்க்ரைட் என்பவர் போலீசுக்கும் பிரேசர் சங்கத்துக்கும் போக முடியாதவர்களின் வேலைகளை எடுத்துச் செய்கிறார். டேபிரேக் இரண்டு பாகங்கள், அப்புறம் பியாண்ட் தி ஹொரைசன்.

இதற்குள் இன்னொரு அமைப்பு இருக்கிறது. ஸ்கை முதல் பாகமும் இரண்டாம் பாகமும் சேர்ந்து ஒரே கதை. ஒரே கேமாகத் திட்டமிட்டு, அளவு மீறிப் போனதால் இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பாகம் நெஞ்சை உலுக்கும் இடத்தில் நின்றுவிடும். ஸீரோவும் அஷ்யூரும் ஒரு இரட்டை. கோல்ட் ஸ்டீல் ஒன்றும் இரண்டும் ஒரு இரட்டை, மூன்றும் நான்கும் இன்னொரு இரட்டை. இரட்டைக்குள் நீண்ட இடைவெளி விடாதீர்கள். ஒரு இரட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஓய்வெடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

அப்படிப் பார்த்தால் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியது முதல் இரட்டையை மட்டும்தான். சுமார் 95 மணி நேரம். வாரம் ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்றாம் படி: நுழைவாசலைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு வாசல்கள் உண்டு: ஸ்கை, ஸீரோ, கோல்ட் ஸ்டீல் ஒன்று, டேபிரேக் ஒன்று. நான்குமே புதிய நாயகனோடு புதிய நாட்டில் தொடங்குபவை, எதிலும் உடனே தொலைந்துபோக மாட்டீர்கள். இருந்தாலும் என் பதில் ஸ்கைதான்.

நான் அப்படித் தொடங்கவில்லை. தள்ளுபடியில் கிடைத்ததால் கோல்ட் ஸ்டீலில் நுழைந்தேன். முதல் இரண்டு பாகங்களும் நன்றாகவே போயின. மூன்றாம் பாகத்தில் பாடம் நடத்த ராண்டி என்று ஒருவர் வந்தார், மாணவியாக டீட்டா என்று ஒரு சிறுமி வந்தாள். அவர்களைப் பார்த்ததும் திரை முழுக்க நெகிழ்ச்சி. பழைய நண்பர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று கேம் சொல்கிறது, எனக்கோ அவர்கள் யாரென்றே தெரியவில்லை. ராண்டி கிராஸ்பெல்லிலிருந்து வந்தவர், டீட்டா லிபெர்லிலிருந்து வந்தவள். அங்கேயே நிறுத்திவிட்டு லிபெர்லுக்குத் திரும்பினேன். பிறகு அதே காட்சிக்கு வந்தபோது கண் கலங்கியது. அந்த நெகிழ்ச்சிக்காகத்தான் இவ்வளவு நீளம். அதை இழக்காதீர்கள் என்பதற்காகத்தான் ஸ்கை என்கிறேன்.

ஸ்கையிலும் இப்போது இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. பழையது 2004-ல் ஜப்பானில் வந்தது, 2014-ல் ஆங்கிலத்தில் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடைக்கு வந்தது. மேலிருந்து பார்க்கும் கோணம், சிறிய பொம்மை உருவங்கள். கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய அலுவலக லேப்டாப்பிலும் ஓடும். முழு விலையே 20 டாலர்தான். புதியது 2025 செப்டம்பரில் வந்த ஸ்கை ஃபர்ஸ்ட் சாப்டர். முதல் பாகத்தையே முப்பரிமாணத்தில் முழுதாக மறுபடி செய்திருக்கிறார்கள். நடந்துகொண்டே அடிக்கலாம், பிறகு முறைவைத்து ஆடும் சண்டைக்கு மாறலாம். விலை 60 டாலர், கம்ப்யூட்டரில் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். இரண்டாம் பாகத்தின் மறு உருவாக்கத்தை 2026-க்கு அறிவித்திருக்கிறார்கள்.

எதை எடுப்பது? பணமோ கம்ப்யூட்டரோ தடை என்றால் தயங்காமல் பழையதை எடுங்கள். அதன் எழுத்தில் ஒரு தனிக் குறும்பு உண்டு. காலிப் பெட்டியைத் திரும்பத் திறந்தால் ஒவ்வொரு பெட்டியும் வெவ்வேறு விதமாகப் பேசும், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் சேர்த்த வேடிக்கை அது. பழைய தோற்றம் உங்களை வெளியே தள்ளும் என்று தெரிந்தால் புதியதை எடுங்கள். கதை ஒன்றுதான். புதிய முதல் பாகத்தை முடித்துவிட்டுப் பழைய இரண்டாம் பாகத்துக்குப் போனாலும் தொடர்ச்சி விட்டுப்போகாது. விளையாடியதைச் சேமித்துவைக்கும் சேவ் கோப்பை மட்டும் கொண்டுபோக முடியாது.

நான்காம் படி: எந்தக் கருவியில் விளையாடுவது

இதைச் சரியாகப் பார்க்காமல் பணத்தை விட்டவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் 13 பாகங்களும் ஒரே இடத்தில் கிடைப்பது விண்டோஸ் கம்ப்யூட்டரில்தான். ஸ்விட்ச் என்ற நின்டெண்டோ கேம் கருவியில் பழைய ஸ்கை மூன்றும் ஆங்கிலத்தில் இல்லை. கோல்ட் ஸ்டீல் முதல் இரண்டு பாகங்கள் அந்தக் கருவிக்கு ஆசியச் சந்தையில் மட்டும் வந்தன, ஆங்கில எழுத்து கிடையாது. பிளேஸ்டேஷன் 4-ல் ஸீரோவிலிருந்து டேபிரேக் வரை கிடைக்கும், பழைய ஸ்கை கிடைக்காது. இந்தத் தொடருக்காகவே புதிதாகக் கன்சோல் வாங்க நினைத்தால், வேண்டாம். கையிலிருக்கும் லேப்டாப்பில் தொடங்குங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் இந்த கேம்கள் இல்லை. பழைய பாகங்களில் வசனங்களுக்குக் குரலும் பெரும்பாலும் கிடையாது. மணிக்கணக்கில் ஆங்கிலம் படிக்க வேண்டும். எளிய, பேச்சுவழக்கு ஆங்கிலம்தான். ஆனால் நாள் முழுக்க ஆங்கில மின்னஞ்சல் படித்துக் களைத்து வருகிறவர்களுக்கு இரவு பதினொரு மணிக்கு இது கனக்கும். வார இறுதிக் காலையில் இரண்டு மணி நேரம் இதைவிட நல்ல நேரம்.

ஐந்தாம் படி: பணத்தை எப்படிப் பிரிப்பது

விதி ஒன்றே ஒன்று: முடிக்காத கேமுக்கு அடுத்ததை வாங்காதீர்கள். தள்ளுபடி சேலில் முழுத் தொகுப்பும் பாதி விலையில் தெரியும்போது கை அரிக்கும். ஆனால் லிபெர்ல் உங்களுக்குப் பிடிக்குமா என்றே தெரியாதபோது கால்வார்ட்டுக்கு டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. நீங்கள் அங்கே போய்ச் சேர ஆண்டுகள் ஆகும், அதற்குள் அந்த 60 டாலர் பாகங்களின் விலை இன்னும் இறங்கியிருக்கும். பின்னால் வருகிறவருக்குக் காலம் தரும் சலுகை இது.

நடைமுறை எளிது. 13-ஐயும் ஸ்டீம் விஷ்லிஸ்ட்டில் போட்டுவைத்தால் விலை குறையும்போது மின்னஞ்சல் வரும். ஜூன் கடைசியில் தொடங்கும் கோடைக்கால சேல், டிசம்பர் கடைசியில் வரும் குளிர்கால சேல் இரண்டும் முக்கியமானவை. பல பாகங்கள் ஜிஓஜி கடையிலும் உண்டு. அங்கே வாங்கும் கேமின் கோப்பை நம் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதால் நான் முடிந்தவரை அங்கே வாங்குகிறேன். உடைகளுக்கும் தலைமுடி நிறத்துக்கும் விற்கும் துணைத் தொகுப்புகளைத் தொடவே வேண்டாம், கதைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். இந்தத் தொடரில் இரண்டு மணி நேரம் என்பது முன்னுரைக்கே போதாது, ஆகவே கதை பிடிக்கிறதா என்று பார்க்க அது உதவாது. கேம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். கதையைச் சுவைத்துப் பார்க்க ஃபர்ஸ்ட் சாப்டரின் இலவச டெமோ நல்ல வழி. டெமோவில் விட்ட இடத்திலிருந்தே முழு கேமைத் தொடரலாம்.

ஆறாம் படி: நேரத்தைக் காப்பாற்றும் வழிகள்

ஸ்டீம், ஜிஓஜி வடிவங்களில் டர்போ என்று ஒரு வசதி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் நடை, சண்டை எல்லாம் வேகமாக ஓடும். வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். வசனத்தை மட்டும் அதன் வேகத்தில் படியுங்கள்.

கடினநிலையை நார்மலிலோ ஈஸியிலோ வையுங்கள். பல பாகங்களில் சண்டையில் தோற்றால் எதிரியின் பலத்தைக் குறைத்து மறுபடி முயலலாம். இதில் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை.

லெவல், அதாவது கதாபாத்திரத்தின் பலத்தைக் காட்டும் எண்ணை, ஏற்றுவதற்காக ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி அடிக்கத் தேவையே இல்லை. உங்கள் லெவல் எதிரியைவிடக் குறைவாக இருந்தால் அனுபவப் புள்ளிகள் கொட்டும், மிஞ்சிவிட்டால் துளித்துளியாகத்தான் வரும். அதனால் எல்லாரும் தானாகவே சரியான அளவுக்கு வந்து நிற்பார்கள். பழைய ஸ்கையில் எதிரிகள் நேராகக் காசு தருவதில்லை, செபித் என்ற படிகத் துண்டுகளையே விட்டுச்செல்வார்கள். மந்திரம் போட உதவும் உங்கள் கருவியில் பூட்டும் குவார்ட்ஸ் கற்களைச் செய்யவும் அதே துண்டுகள் வேண்டும் என்பதால், விற்பதற்கு முன் கொஞ்சம் சேர்த்துவையுங்கள். எர்த் கார்ட் என்ற மண் வகை மந்திரத்தைச் சீக்கிரம் பெறுங்கள், ஒரு அடியை முழுதாகத் தடுத்துவிடும். பாஸ் என்கிற பெரிய எதிரிகளோடு நடக்கும் சண்டைகளில் நான் அதை நம்பித்தான் பிழைத்தேன்.

பிரேசர் சங்கப் பலகையிலுள்ள சிறுவேலைகளுக்குக் காலக்கெடு உண்டு. குறுகிய கெடு உள்ளவற்றை முதலில் முடியுங்கள், சில தவறிப்போனால் விட்டுவிடுங்கள், கதை நிற்காது. முதல் பாகத்தில் கார்னீலியா என்ற நாவல் அத்தியாயம் அத்தியாயமாக ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும், எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு நல்ல ஆயுதம் கிடைக்கும். அதைத் தேட வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு விளையாடினால், எஸ்டெலோடு நடக்கும் சுகம் போய் சரிபார்ப்புப் பட்டியலோடு நடப்பதாகிவிடும். முதல் முறைக்கு அது வேண்டாம்.

ஊர் மக்கள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. கதையில் ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் ஊரிலுள்ள எல்லார் பேச்சும் மாறும். இந்தத் தொடரின் பெரிய அழகே அதுதான். நேரத்தை அதிகம் விழுங்குவதும் அதுதான். நான் செய்வது இது: ஒவ்வொரு ஊரிலும் மூன்று நான்கு பேரைத் தேர்ந்துகொள்வேன். கடைக்காரர் ஒருவர், குழந்தை ஒன்று, சண்டை போட்டுக்கொண்டிருக்கும் தம்பதி என்று. அவர்களிடம் மட்டும் ஒவ்வொரு முறையும் பேசுவேன். லிபெர்லில் காதலுக்காக ஏங்கித் திரியும் ஆன்டன் என்ற இளைஞனை அப்படித்தான் பிடித்துக்கொண்டேன். அவன் பிறகு கிராஸ்பெல்லிலும் எரெபோனியாவிலும் வந்து நின்றான். சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது.

ஏழாம் படி: முதல் இருபது மணி நேரம்

இங்கேதான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள். கதை மெதுவாகத்தான் தொடங்கும். ரோலென்ட் என்ற சிற்றூரில் காளான் தேடுவது போன்ற வேலைகள். எஸ்டெலின் அப்பா கேசியஸ் வெளியூர் போகிறார், அவர் ஏறிய விமானக்கப்பல் காணாமல் போகிறது. பிள்ளைகள் இருவரும் கால்நடையாக போஸ், ருவான், ஸைஸ், தலைநகர் கிரான்செல் என்று மண்டலம் மண்டலமாகப் போகிறார்கள்.

எங்கே முடிவெடுப்பது? ருவான் அத்தியாயத்தின் முடிவில். அங்கே அவர்கள் ஒரு பள்ளி விழாவில் நாடகம் போட உதவுவார்கள். பெரிய சண்டை எதுவும் கிடையாது, ஒத்திகை, உடை, கூச்சம், சிரிப்பு அவ்வளவுதான். அந்தப் பகுதி உங்களுக்கு இனித்தால் இந்தத் தொடர் உங்களுடையது. அலுத்தால் நிம்மதியாக மூடிவையுங்கள். அதற்குள் ஏறக்குறைய 20 மணி நேரமும் ஒரு கேமின் விலையும்தான் செலவாகியிருக்கும்.

எட்டாம் படி: நிறுத்துவதும் திரும்புவதும்

இரட்டைக்கு நடுவே நின்றுபோனால், சேவ் செய்த இடத்திலிருந்து குருட்டாம்போக்கில் தொடராதீர்கள். கேமுக்குள்ளேயே இருக்கும் பிரேசர் குறிப்பேட்டை ஐந்து நிமிடம் படியுங்கள். கோல்ட் ஸ்டீல் மூன்றிலிருந்து முதன்மைப் பட்டியலிலேயே பின்கதைச் சுருக்கம் இருக்கிறது. நான் தனியாக ஒரு சின்ன நோட்டில் பெயர்களை எழுதிவைத்தேன்: யார், எந்த ஊர், கடைசியாக என்ன சொன்னார். மூன்று வருஷம் கழித்து அந்த நோட்டுதான் கைகொடுத்தது. இணையத்தில் மட்டும் பெயரைத் தேடாதீர்கள். முகம் மறந்துபோன ஒருவரைத் தேடினால் அவர் யார் என்ற பெரிய இரகசியம் முதல் வரியிலேயே வந்து நிற்கும். சேவ் கோப்புகளை அழிக்காதீர்கள். ஒவ்வொரு இரட்டையிலும் முதல் பாகத்தின் சேவ் இரண்டாம் பாகத்தில் சிறு பரிசுகளையும் உங்கள் பயணத்தின் நினைவையும் கொண்டுவரும்.

ஸ்கை இரண்டாம் பாகம் முடிந்ததும் எஸ்டெல், ஜோஷுவா கதை நிறைவாக ஒரு கரைக்கு வந்துவிடும். அதோடு நிறுத்தினாலும் முழுக் கதை படித்த திருப்தி இருக்கும். மூன்றாம் பாகம் வேறு மாதிரி. கெவின் கிரஹாம் என்ற பாதிரியார் நாயகன், பல கதாபாத்திரங்களின் நினைவுகள் கதவு கதவாகத் திறக்கும். இரண்டாம் பாகத்துக்குப் பின் நல்ல ஓய்வெடுத்துவிட்டு இதற்கு வாருங்கள், ஆனால் ஒரேயடியாகத் தாண்டிவிடாதீர்கள். பின்னால் வரப்போகும் நிறைய விஷயங்களின் விதை இங்கே இருக்கிறது.

அப்புறம் கிராஸ்பெல். ஸீரோவும் அஷ்யூரும் நடக்கும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் எரெபோனியாவில் கோல்ட் ஸ்டீல் ஒன்றும் இரண்டும் நடக்கின்றன. ஒரே செய்தியை எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் இருந்து கேட்பீர்கள். கிராஸ்பெல்லை முதலில் முடியுங்கள். ஆங்கிலத்தில் இந்த இரண்டும் 2022, 2023-ல்தான் முறையாக வெளிவந்தன, அதுவரை ஆங்கிலம் மட்டும் தெரிந்த பலர் இவற்றைத் தாண்டியே போக வேண்டியிருந்தது. இன்று தொடங்குகிற உங்களுக்கு அந்தக் குறை இல்லை.

அவசரமும் இல்லை. பியாண்ட் தி ஹொரைசன் ஆங்கிலத்தில் 2026 ஜனவரியில் வந்தது, அதுவும் கதையை முடிக்காமல் பாதியில் நிறுத்திவிட்டது. முன்னால் ஓடியவர்கள் எல்லாரும் அந்த இடத்தில்தான் அடுத்த பாகத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நீங்கள் ரோலென்ட்டில் காளானைத் தேடிக்கொண்டிருங்கள்.